குடும்ப நல மையத்து ஈரத்துண்டுகள்

எங்கள் பக்கத்தில் வைவா தேர்வுகள் எல்லாம் ஆனி, ஆடியில்தான் நடக்கும். அதற்குக் கல்வி சம்பந்தமான காரணம் எதையும் யாரும் தேட வேண்டாம். குற்றாலத்தில் அப்போதுதான் தண்ணீர் விழும். மாணவன் வருஷக்கணக்கில் எழுதிய ஆய்வேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காத வெளியூர்த் தேர்வாளர், சாரல் தொடங்கிவிட்ட செய்தியை மட்டும் எப்படியோ படித்துவிடுவார். மனைவி, மச்சினன், மச்சினன் பிள்ளைகள் சகிதம் வந்து இறங்குவார். ஆய்வுக் குழு வரும், பாடத்திட்டக் குழு வரும், எதற்கென்றே தெரியாத ஒரு குழுவும் வரும். எல்லாருடைய பையிலும் கோப்புக்கு அடியில் துண்டு இருக்கும்.

என் கணவர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். நான் அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். வயலாக இருந்த இடத்தில் பிளாட் போட்டு விற்றார்களே, அதில் ஒன்று. சாரல் நேரத்தில் எங்களுக்கும் சென்னையிலிருந்து போன் வரும். 'நல்லா இருக்கீங்களா' என்று தொடங்க மாட்டார்கள். 'தண்ணி விழுதா' என்றுதான் கேட்பார்கள். அந்த வருஷம் மட்டும் நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

ஏனென்றால் வீட்டுக்குள் என் கணவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

ஒரே நாளில் வந்ததல்ல அது. முதலில் சவரம் நின்றது. பிறகு பேப்பர் படிப்பது நின்றது. குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் வகுப்பில் பாதிச் சமன்பாடு எழுதிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றவர், மணி அடிக்கும்வரை திரும்பவே இல்லை. பிள்ளைகள் ஒரு சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தக் கல்லூரியில் அன்றைக்கு மரியாதை தெரிந்து நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். துறைத் தலைவர் கூப்பிட்டு, 'கொஞ்ச நாள் லீவு போடுங்க சார்' என்று சொல்லித் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்.

அப்புறம் அவரோடு வேலை பார்க்கிறவர்கள் பார்க்க வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கூட்டமாக வந்தார்கள். எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அகவிலைப்படி எப்போது வரும் என்று பேசினார்கள். நான் வைத்த மிக்சரைத் தட்டு காலியாகும்வரை தின்றார்கள். வேதியியல்காரர் ஒருவர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. யாரோ செஞ்சு வச்சிருக்காவ. செங்கோட்டை தாண்டி அந்தப் பக்கம் ஒருத்தரு இருக்காரு. ஒரு தகடு எழுதித் தருவாரு. சரியாப் போவும்."

வேதியியல் படித்த மனுஷன். அந்தத் தகடு என்ன உலோகம் என்றாவது யோசித்திருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் அவர் கொண்டுவந்த ஆப்பிளை அவர் ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகம் எங்கள்மேல் கருணை கொண்டது. ஆசிரியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நல ஆதரவு மையம் ஒன்று திறந்திருப்பதாகக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. இரண்டு கைகள் ஒரு வீட்டை ஏந்தியிருப்பது மாதிரிப் படம். மனநல ஆலோசனை உண்டு, குழந்தைகள் காப்பகம் உண்டு, வயதானவர்களுக்கு உதவி உண்டு, சட்ட ஆலோசனையும் உண்டு. இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருந்தால் மோட்சமும் உண்டு என்று போட்டிருப்பார்கள்.

மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஆசிரியர்கள் வேலை பார்க்கும் கல்லூரியில் இல்லை. அவர்கள் குடியிருக்கும் தென்காசியிலும் இல்லை. குற்றாலத்தில், ஐந்தருவி போகிற சாலையில், பழைய லாட்ஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மனசுக்கு அமைதியான சூழல் வேண்டுமாம். திறப்பு விழா நடந்தது கடும் கோடையில். பாறையெல்லாம் காய்ந்து, குரங்குகள்கூட வேறு இடம் பார்த்துப் போயிருந்த நேரம். அதனால் அந்த அமைதியை யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

ஆலோசகர் ஒரு இளம்பெண். சனிக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். நான் போனில் பேசியபோது பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க அவர இழுத்துட்டு வரக்கூடாதுக்கா. சார் தானா தலையாட்டணும். அதுக்கு எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல. அவர் சரின்னு சொன்ன அன்னைக்கு விட்டுறாதீங்க. அடுத்த தடவ சரின்னு சொல்ல ரொம்ப நாளாகும்."

நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'போயிட்டு வருவமாங்க' என்று கேட்பேன். அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நான் இருக்க மாட்டேன். இப்படியே கோடை போய்ச் சாரலும் தொடங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டேன். தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வராமல் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஆட்டினார். இதை விட்டால் இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டார் என்று தோன்றியது.

ஆலோசகர் பெண் போனை எடுக்கவில்லை. மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்குப் போட்டேன். அவரும் ஒரு பேராசிரியர்தான், வேறு துறை. பல்கலைக்கழகத்தில் எந்தக் குழு அமைத்தாலும் அதில் ஒரு நாற்காலி அவருக்குத் தானாக வந்துவிடும். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதையே எல்லாரும் நல்ல குணம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கா? வாங்க மேடம், தாராளமா வாங்க. ஒங்களுக்குன்னுலா தொறந்து வச்சிருக்கோம்" என்றார். பின்னால் பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. கூட்டம் நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு நானே சவரம் செய்துவிட்டேன். நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுவிட்டேன். ஸ்கூட்டரை நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலகரம் தாண்டியதுமே வண்டிகள் நகரவில்லை. கேரளக் கார்கள், மதுரை வேன்கள், மேலே ஏறி நின்று கத்துகிற இளவட்டங்கள். சாரல் முகத்தில் அடித்தது. ஒரு இடத்தில் அவர் கை என் தோளிலிருந்து நழுவியது. நான் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் நினைத்தது நடக்கவில்லை. வந்துகொண்டே இருந்தார்.

மையத்து வாசலில் மையத்தின் பெயர்ப்பலகையைக் காணவில்லை. அதன்மேல் ஒரு பெரிய பச்சைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்துகொண்டிருந்தது என்று சொல்வது தப்பு. அந்த ஈரக்காற்றில் எது காயும்? மாடிக் கைப்பிடி முழுக்கத் துண்டுகள், கைலிகள், ஜட்டிகள், குழந்தைகளின் டவுசர்கள். பல்கலைக்கழகத்தின் கார் ஒன்று படியை அடைத்துக்கொண்டு நின்றது. குழந்தைகள் காப்பகம் என்று எழுதிய அறையில் பிரியாணி அண்டா. முதியோர் உதவி அறையில் சீட்டுக் கச்சேரி. ஆடியவர்கள் முதியவர்கள்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஆலோசனை அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாயில் ஒருவர் கோவணத்தோடு குப்புறக் கிடந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகில் முட்டிபோட்டு மேலிருந்து கீழே உருவிக்கொண்டிருந்தார். கிடந்தவர் ஆய்வுக் குழுவில் வந்த பெரிய மனிதர் என்று பிறகு தெரிந்தது. சுவரில் அவர் தலைக்கு மேலே, 'நீங்கள் சொல்வதை நாங்கள் கேட்கிறோம்' என்ற வாசகம் பூப்போட்ட சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் ஈரத்தலையோடு பனியனில் ஓடிவந்தார்.

"வாங்க மேடம், வாங்க சார். காபி சாப்பிடுதீங்களா?"

"கவுன்சிலிங் பொண்ணு எங்க சார்?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைய இந்த சீசன் முடியுற வரைக்கும் வர வேண்டாம்னுட்டோம். எடமில்லலா மேடம். பாக்கீங்கள்லா."

"நேத்து போன்ல சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சும்மா வந்து பாத்துட்டுக் குளிச்சிட்டுப் போவீங்கன்னுலா நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார். குற்றாலத்துக்கு வருகிறேன் என்று சாரல் நேரத்தில் ஒருத்தி சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாயில் கிடந்த பெரிய மனிதர் தலையைத் தூக்கினார். காதிலிருந்து எண்ணெய் வழிந்தது.

"சாருக்கு என்ன?"

"மனசு கொஞ்சம் சரியில்ல சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர், சீட்டாடுகிறவர்களுக்கும் கேட்கும்படி.

"அதுக்குத்தானே இந்த அருவியே இருக்கு? அந்தக் காலத்துல பைத்தியம் பிடிச்சவங்களைச் சங்கிலியில கட்டி இங்கதான் கொண்டுவந்து நிறுத்துவாங்க. உச்சந்தலையில தண்ணி விழுந்தா எல்லாம் தெளிஞ்சிடும். ஆயிலைப் போட்டு ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லுங்க." எண்ணெய்க்குள்ளிருந்தும் அந்தக் குரலில் வகுப்பெடுக்கிற தோரணை குறையவில்லை.

"அண்ணாச்சி, அடுத்து இந்த சாருக்கும் போட்டு விட்டுருங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். உதவி செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். யாரையும் பார்க்கவில்லை. மேல் பொத்தான், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி கழற்றினார். குணமாக வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை இருந்திருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் செய்யத் தயாராக வந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, சட்டையைச் சரிசெய்து, வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கும்போது, "சார், மேடம், இங்கன பாருங்க" என்று குரல் கேட்டது. திரும்பினோம். ஒருங்கிணைப்பாளர் செல்போனில் படம் எடுத்துவிட்டார்.

அன்று மதியம் அந்தப் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'நல மையத்தின் சேவை தொடர்கிறது. பயன்பெற்ற குடும்பம்' என்று எழுதி, கூப்பிய கைகளையும் ரோஜாப்பூக்களையும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கட்டை விரலாகக் குவிந்தது. பெரும்பாலும் என் கணவரோடு வேலை பார்க்கிறவர்கள், பலர் எங்கள் வீட்டில் மிக்சர் தின்றவர்கள். நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சாரல் முடியும்வரை அவர் தலையாட்டவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் சாப்பாடு குறைந்தது. வீட்டில் இருந்த பழைய மாத்திரைகளையும் கயிறுகளையும் அவர் தூங்கும்போது எடுத்துப் பள்ளிக்கூடத்து மேசையில் வைத்துப் பூட்டினேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரெல்லாம் அருவியில் குளித்துவிட்டுச் சூடாகப் புரோட்டா தின்றுகொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு காலையில், நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வாசற்படியில் வந்து நின்றார். அழுதுகொண்டிருந்தார்.

"ஏட்டி, என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றார்.

நான் லீவுகூடச் சொல்லவில்லை. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கடைக்காரர்கள், ஒரு கன்னியாஸ்திரீகூட இருந்தார். யாரும் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அவரவர் கவலை அவரவருக்கு. பூப்போட்ட சட்டத்தில் எந்த வாசகமும் இல்லை. டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். என் கணவர் ஆமாம் என்றார். அந்த வார்த்தையை நான் அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். டாக்டர் பதறவில்லை. மாத்திரை எழுதினார். வாராவாரம் வரச் சொன்னார்.

உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. பொங்கல் நெருங்குகிற சமயம் ஒருநாள் இட்லி தின்றுகொண்டிருந்தவர், "சட்னில உப்பே இல்லையே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக் குறை சொல்லி அவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அன்றைக்கு மட்டும் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த கல்வியாண்டில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தார்.

உடனே ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன் வந்தது. மையத்தின் ஆண்டு விழா கல்லூரி அரங்கில் நடக்கிறதாம். பயனாளி உரை என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். சார் வந்து மையத்தால் குணமானதை இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அவரைக் கேட்காமல் நானே கிழித்துத் தோரணம் கட்டினேன். எனக்கு என்ன வார்த்தையெல்லாம் தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"பேசுதேன் சார்" என்றார்.

விழாவுக்கு நானும் போனேன். பொன்னாடைகள் முடிந்து அவரைக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"எனக்கு மனச்சோர்வு நோய். அரசு ஆஸ்பத்திரியில பாக்கேன். இன்னைக்கும் மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நல மையத்துக்கு ஒரு தடவை போனேன். அங்க எல்லாரும் குளிச்சிட்டு இருந்தாவ. அதனால திரும்பி வந்துட்டேன்" என்றார். போய் உட்கார்ந்துவிட்டார்.

கை தட்டலாமா வேண்டாமா என்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் தட்டினார்கள். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம். இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றிருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தோம். ஒருங்கிணைப்பாளர் தனியாக வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் சேலையை இழுத்துச் செருகினேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், அந்த டாக்டரு என்னைக்கு வாராரு?"

"யாருக்கு சார்?"

"எம் மவனுக்கு. இஞ்சினியரிங் முடிச்சிட்டு ரூமுக்குள்ள போனவன். சாப்பாட்டத் தட்டுல வச்சுக் கதவுக்கு வெளிய வச்சிட்டு வாறோம். பொங்கலுக்கு முன்னால இருந்து அவன் மூஞ்சியப் பாக்கல சார்."

ஆதரவு மையத்துக்கே தலைவர். அந்த மையத்தின் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு வந்திருக்கிறார். என் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. வருஷம் முழுக்கச் சாணை பிடித்து வைத்திருந்த பதில். அதற்குள் என் கணவர் கிழமையைச் சொல்லிவிட்டார். காலையில் சீக்கிரம் போனால்தான் சீட்டு கிடைக்கும் என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். "அந்த ஆளுக்குப் போயா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, அந்தப் பையனுக்கு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஒருங்கிணைப்பாளரின் கார் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் தாடியும் வளர்ந்த நகமுமாக அந்தப் பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். வெளிச்சத்துக்குக் கண் கூசியது போலக் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். ஒருங்கிணைப்பாளர் இறங்கி ஓடிவந்து முன்கதவைத் திறந்து, "வாங்க சார், முன்னால ஒக்காருங்க" என்று பவ்யமாகச் சொன்னார். என் கணவர் காரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து, அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாகக் கிடக்க, ஒருங்கிணைப்பாளர் ஒரு டிரைவரைப் போல ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். எனக்கு அந்த ஆள்மேல் இருந்த கோபம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் பத்திரமாகப் பார்த்து ஓட்டு என்று வேண்டிக்கொண்டேன்.